பொய் இல்லாத வினாக்கட்டு

வேலணைச் சனிக்கிழமை வகுப்பை இனி நடத்தப்போகும் உங்கள் மூவருக்கும்.

போன மாதம் நீங்கள் கரம்பொன்னுக்கு என் வீடு தேடி வந்து இரண்டு விடயங்கள் கேட்டீர்கள். சட்டப் படிப்புக்கான நுழைவுப் பரீட்சையில் வரும் தர்க்கப் பகுதிக்குப் பிள்ளைகளுக்கு எதைப் படிக்கக் கொடுப்பது என்று ஒரு பட்டியல் வேண்டும் என்றீர்கள். அதோடு என்னுடைய 'தீவுக் கட்டு' வினாத்தொகுப்பை என் படத்தையும் போட்டு மீண்டும் அச்சடிக்க அனுமதி கேட்டீர்கள். நான் தேத்தண்ணி தந்து, மழை வருமோ வராதோ என்று கதைத்து, இரண்டுக்கும் பதில் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். வாசலில் செருப்பைப் போடும்போது உங்களில் ஒருவர், "சேர் சரியான அடக்கமான மனுசன், தன்ரை படம் வாறது விருப்பமில்லை போல" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

அடக்கமாவது கிடக்கமாவது! அது வெட்கம். வாயால் சொல்ல ஏலாமல் இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

அச்சடிக்கிற கதைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். ஒரு பிரதிகூட வேண்டாம். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு கடதாசி.

உங்களுக்குத் தெரியும், நான் முப்பது வருடம் உயர்தர வகுப்புக்குத் தர்க்கப் பாடமான அளவையியல் படிப்பித்தவன். தீவுப் பகுதியில் அளவையியல் என்றால் ஆட்கள் என் பெயரைத்தான் சொல்வார்கள். அதில் எனக்குத் தலைக்கனமும் இருந்தது. ஓய்வு பெற்றதும் வாசிகசாலை மேல்மாடியில் இந்த வகுப்பைத் தொடங்கினேன். முதல் வருடம் பதினொரு பேர் வந்தார்கள். மண்கும்பான், இறுப்பிட்டி, கரம்பொன் பிள்ளைகள் பத்துப் பேர், நெடுந்தீவிலிருந்து ஒருத்தி.

தர்க்கப் பகுதி பாடமாக்கி எழுதும் பகுதி இல்லை. மூன்று நான்கு வாக்கியங்களைத் தருவார்கள். அவற்றிலிருந்து எது கட்டாயம் வரும், எது வராது என்று நேரத்துக்குள் சொல்ல வேண்டும். இதற்குத் தமிழில் நல்ல பயிற்சித்தாள் கிடைப்பது அருமை. கொழும்பில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன், வெளிநாட்டுச் சட்டக் கல்லூரி நுழைவுத் தாள்களின் தர்க்க வினாக்களைத் தானே மொழிபெயர்த்து, ஒரு பெட்டி நிறையப் போட்டோக் கொப்பி எடுத்து பஸ்ஸில் போட்டு அனுப்பினான். அந்தப் பெட்டிக்கு நான் செய்ததுதான் முதல் பிழை.

பெட்டியைத் திறந்து பார்த்தால், ஓவியக் கூடத்துச் சுவரில் ஏழு ஓவியங்கள், எது எதற்குப் பக்கத்தில்? சுரங்க ரயில் எந்தத் தரிப்பில் நிற்கும்? பனி கொட்டினால் பழம்பொருள் காட்டும் நூதனசாலை மூடப்படும், இன்று நூதனசாலை மூடியிருக்கிறது, ஆகவே பனி கொட்டியதா? எங்கள் தீவுகளில் ஆறு இல்லை, ரயில் இல்லை. பனியை எவன் கண்டான்? வகுப்புக் குழுக் கூட்டத்தில் எழுந்து, "இந்தக் கண்டறியாத ஓவியமும் பனியும் எங்கட பிள்ளையளுக்கு என்னத்துக்கு? நான் எங்கட மண்ணிலை எழுதித் தாறன்" என்று முழங்கினேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

இரண்டு மாதம் இருந்து இருநூறு வினாவையும் மாற்றி எழுதினேன். ஏழு ஓவியங்கள் தண்ணீர்த் தொட்டியடியில் வரிசையாக நிற்கும் ஏழு மாடுகள் ஆயின. சுரங்க ரயில் குறிகட்டுவான் பஸ் ஆனது. பனி காற்றாகியது, நூதனசாலை நெடுந்தீவுப் படகாகியது. பொய்யான வாக்கியங்களையும் விட்டுவைக்கவில்லை. பெட்டியில் ஒரு வினா இப்படி இருந்தது: ஒட்டகங்கள் எல்லாம் முட்டையிடும், முட்டையிடுவன எல்லாம் நீந்தும், ஆகவே ஒட்டகங்கள் எல்லாம் நீந்தும். இது பிள்ளைகளைக் குழப்பும் என்று நினைத்து, திருக்கை எல்லாம் மீன், மீன் எல்லாம் தண்ணீரில் வாழும், ஆகவே திருக்கை எல்லாம் தண்ணீரில் வாழும் என்று திருத்தினேன். வடிவாகத்தான் இருந்தது. பிள்ளைகள் அதற்குத் 'தீவுக் கட்டு' என்று பெயர் வைத்தார்கள்.

இது நான் ஊருக்குச் சொன்ன காரணம். இப்போது உண்மைக் காரணத்தைக் கேளுங்கள். பெட்டி வந்த அன்று பின்னேரம், கைக்கடிகாரத்தை மேசையில் கழற்றி வைத்துவிட்டு அதில் ஒரு தாளை நானே செய்து பார்த்தேன். நேரம் முடிந்தபோது கால்வாசி வினாவைத் தொடவே இல்லை. தொட்டதில் பாதிக்கு மேல் பிழை. அளவையியலில் வரைவிலக்கணம் கேட்டால், விதி கேட்டால், நித்திரையிலும் சொல்வேன். ஆனால் ஒரு நீண்ட பந்தியைப் படித்து, அதில் ஒளிந்திருக்கும் ஊகத்தைக் கெதியாகப் பிடிக்கிற வித்தை எனக்குக் கைவரவில்லை. முப்பது வருடப் பெயர் அந்த மேசையில் கிடந்தது. வீட்டில் எவருக்கும் சொல்லவில்லை. அடுத்த நாளே பெட்டியை வாசிகசாலை அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நான் செய்ய ஏலாததை வகுப்பில் எப்படிக் கொடுப்பது? அதனால்தான் எங்கட மண் எனக்கு அவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது.

நெடுந்தீவுப் பிள்ளையின் பெயர் ரெஜினா. இருபத்தைந்து வயது. அங்கே ஒரு முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை காலைப் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, பஸ் பிடித்து வேலணைக்கு வருவாள். பின்னேரப் படகைப் பிடிக்க வேண்டும் என்பதால் எப்போதும் கதவோரக் கதிரையில் இருப்பாள். ஏன் சட்டம் என்று முதல் நாள் எல்லோரிடமும் கேட்டேன். மற்றவர்கள் நீதி, சமூகம் என்று ஏதோ சொன்னார்கள். அவள் சொன்னது வேறு.

"அப்பாவின்ரை மாடு ஒருத்தரின்ரை வயலுக்கை போயிட்டுது சேர். வழக்கு. தவணை நாளண்டு பலத்த காத்து, படகு ஓடேல்லை. கோட்டிலை பேர் கூப்பிட்டா ஆள் இல்லை. வராதவன் ஒளிச்சவன் எண்டு ஆகிப்போச்சு. பிறகு போய் நிக்கேக்கை அப்பாவுக்கு வாயே திறக்கேல்லை. படகு ஓடேல்லை எண்டு ஒரு வசனம் சொல்லப் பக்கத்திலை ஆளில்லை சேர்."

அந்த ஒரு வசனம் சொல்லத்தான் அவள் சட்டம் படிக்க வந்தாள். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படியுங்கள்.

தீவுக் கட்டு வகுப்பில் கொடிகட்டிப் பறந்தது. காற்று பலமாக அடித்தால் படகு ஓடாது, இன்று படகு ஓடவில்லை, ஆகவே இன்று காற்று பலமாக அடித்தது. முடிவு சரியா என்று கேட்டால் பதினொரு பேரும் ஒரே குரலில் பிழை என்பார்கள். இயந்திரம் பழுதாகியிருக்கலாம், டீசல் இல்லாமல் இருக்கலாம் என்று காரணமும் அடுக்குவார்கள். அடடா, தர்க்கம் இவர்களின் இரத்தத்திலேயே ஓடுகிறது என்று நான் பூரித்துப்போனேன். பூரிக்கிற நேரம் ஒருவன் தன் கண்ணைத் தானே பொத்திக்கொள்கிறான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பரீட்சைக்கு ஆறு கிழமை இருக்கும்போது ஒரு சனிக்கிழமை ரெஜினா எழுந்தாள்.

"சேர், ஒண்டு சொல்லட்டே?"

"சொல்லும்."

"உங்கட தீவுக் கட்டிலை இருக்கிற கேள்வியளை நான் முழுசா வாசிக்கிறேல்லை சேர். பாதியிலையே விடை வந்திடுது."

"அப்ப நல்லதுதானே. கெட்டிக்காரி."

"இல்லை சேர், யோசிச்சு வரேல்லை. தெரிஞ்சபடியா வருது. காத்தடிச்சாப் படகு ஓடாது எண்டு எங்கட வீட்டு மாட்டுக்கும் தெரியும்."

வகுப்புச் சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. அவள் சிரிக்கவில்லை.

"உங்கட கட்டிலை ஒரு பொய்யும் இல்லை சேர். அதுதான் பிழை."

"ஏன், பொய் வேணுமோ உமக்கு?"

"ஓம் சேர். கோட்டிலை எதிர்ப்பக்கம் சொல்லுறதெல்லாம் உண்மையே? ஒருத்தன் பொய்யிலை தொடங்கினா அது எங்கை போய் முடியும் எண்டு பிடிக்கத் தெரிய வேணும். கொழும்பிலையிருந்து வந்த பெட்டி அலுமாரிக்கை கிடக்காம். அதைத் தாங்கோ சேர். படகிலை வரேக்கை செய்து பாக்கிறன்."

தம்பிமாரே, தங்கச்சி, நான் முப்பது வருடம் வகுப்பில் சொன்ன எதையும் விட அந்தப் பிள்ளை அந்த இரண்டு நிமிடத்தில் சொன்னது பெரிது. ஒரு வாக்கியம் உண்மையா பொய்யா என்பது வேறு, அதிலிருந்து அடுத்த வாக்கியம் வருமா வராதா என்பது வேறு. தர்க்கப் பகுதி கேட்பது இரண்டாவதை மட்டும். பிள்ளைக்குத் தெரிந்த உலகத்திலிருந்தே எல்லா வினாவையும் எடுத்துக் கொடுத்தால் அவன் தெரிந்ததை வைத்துத் தப்பிவிடுவான், யோசிக்கவே மாட்டான். நான் பாடப்புத்தகத்தில் படித்து, படிப்பித்து, விடைத்தாளும் திருத்திய விடயம் இது. என் வினாக்கட்டிலேயே அதைக் காணவில்லை.

அவள் சொன்ன அந்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கவில்லை என்று இன்று சொன்னால் அது இன்னொரு பொய். திறப்பு என் சட்டைப் பையில் கிடந்தது. எடுத்து நீட்டியிருக்கலாம். ஆனால் நீட்டினால் அடுத்த கிழமை அவள் ஒரு வினாவைக் கொண்டுவந்து இது எப்படி சேர் என்று கேட்பாள். எனக்குத் தெரியாது. பதினொரு பேருக்கு முன்னால் எனக்குத் தெரியாது.

"நெடுந்தீவிலையிருந்து படகேறி வந்து எனக்கு அளவையியல் படிப்பிக்கப் போறீரோ? முதல்லை வீட்டை போய் மாட்டைக் கட்டிப்போட்டு வாரும்" என்றேன்.

மாடு அவிழ்ந்ததால் கோட்டுக்குப் போன வீட்டுப் பிள்ளையிடம் இதைச் சொன்னேன். வகுப்பு மறுபடியும் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் கதிரையில் இருந்து, கொப்பியைத் திறந்து, அன்றைய கட்டு வினாக்களைச் செய்யத் தொடங்கினாள். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை, ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடங்கிவிட்டாள் என்று நினைத்துத் திருப்திப்பட்டேன். சீ!

பரீட்சை எழுதிவிட்டு ஊருக்குத் திரும்பும் வழியில் குறிகட்டுவானிலிருந்து எனக்கு அழைப்பு எடுத்தாள்.

"சேர், கல்லெல்லாம் மிதக்கும், மிதக்கிறதெல்லாம் பழம், ஆகவே கல்லெல்லாம் பழம் எண்டு ஒரு கேள்வி வந்தது. முடிவு சரியா வரும் எண்டு போட வேணும், என்ன?"

"ஓம்."

"நான் பிழை எண்டு போட்டிட்டன் சேர். கல்லு மிதக்காது எண்டு தலை சொல்லிக்கொண்டே நிண்டது. அப்பிடி நிறைய வந்தது. ஒவ்வொண்டிலையும் நிண்டு நிண்டு நேரம் போயிட்டுது."

"பரவாயில்லை, பாப்பம்" என்றேன். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபப்பட்டாவது தப்பியிருப்பேன்.

முடிவு வந்தது. பதினொரு பேரில் ஒருவர் பெயரும் இல்லை. ரெஜினா தவறவிட்டது இரண்டு மூன்று புள்ளியால்.

அதற்கு அடுத்த கிழமை அவளின் தகப்பன் கரம்பொன்னுக்கு வந்தார். என்னைவிட ஆறேழு வயது இளையவர், வெயிலில் காய்ந்த மனிதர். கையில் ஒரு போத்தல் நெய். கதிரையில் இருங்கோ என்றால் நுனியில்தான் இருந்தார்.

"சேர், நான் படிக்காதனான். எனக்கு உந்தச் சோதினை ஒண்டும் விளங்காது. பிள்ளை இன்னொருக்கா எழுதப்போறன் எண்டு நிக்குது. முன்பள்ளியிலையும் சனிக்கிழமையிலை ஒரு வேலைக்கும் வாறேல்லை எண்டு சொல்லீனம். இவளுக்கு இது சரிவருமோ? நீங்கள் ஓம் எண்டால் விடுறன். இல்லையெண்டால் மறிக்கிறன். உங்கட சொல்லுத்தான்."

இதைவிட நேராக ஒரு வினாவை என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஓம் என்றால் போதும். ஒரு சொல். ஆனால் ஓம் என்றால், அப்போ ஏன் முதல்தரம் தவறவிட்டாள் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு நான் என் கட்டைக் காட்ட வேண்டும், அலுமாரியைக் காட்ட வேண்டும்.

"கெட்டிக்காரிதான்" என்றேன். "ஆனா சொல்வழி கேளாத பிள்ளை. நான் குடுத்ததை ஒழுங்காப் படிச்சிருந்தா வந்திருக்கும். கவனம் இல்லை."

அவர் சால்வையை உதறித் தோளில் போட்டார். பிறகு, "அப்ப சரி சேர். சேரே சொல்லேக்கை பிறகென்ன" என்று எழுந்தார். நெய்ப் போத்தலைக் குசினி வாசலில் வைத்துவிட்டுப் போனார். அந்த நெய்யை நான் சாப்பிட்டேன். நல்ல நெய். அதைக் கொட்டிவிட்டேன் என்று எழுதினால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும், ஆனால் சாப்பிட்டேன்.

என் வினாக்கட்டில் பொய் இல்லை என்று அவள் சொன்னாள் அல்லவா? பொய்யெல்லாம் என் வாயில் இருந்தது.

அவர் போன பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை அலுமாரியைத் திறந்து, பனியும் நூதனசாலையும் வந்த வினாவை எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். படகு வினாவை ஒரே குரலில் பிழை என்று சொன்ன அதே பிள்ளைகள், மறுபடி எழுத வந்தவர்கள். இப்போது பாதிப்பேர் சரி என்றார்கள். பனி கொட்டித்தான் மூடியிருக்கும், வேறு என்ன, என்றார்கள். இரண்டு வினாவும் ஒன்றுதான். காற்றுக்குப் பதில் பனி, அவ்வளவுதான் வித்தியாசம். இயந்திரம் பழுதாகும் என்று அவர்களுக்குத் தெரியும், நூதனசாலை வேறு எதற்கு மூடும் என்று தெரியாது. ஒட்டக வினாவில் எல்லோரும் விழுந்தார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். முகத்தைக் காட்ட ஏலவில்லை.

அன்றிலிருந்து பெட்டித் தாள்களைத்தான் கொடுத்தேன். முதலில் வீட்டில் நான் செய்து பார்ப்பேன். பிழைத்ததை மறுபடி செய்வேன். அறுபத்திரண்டு வயதில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்து படித்தேன். வகுப்பில் கேட்டார்கள், ஏன் சேர் கட்டை மாற்றினீர்கள் என்று. "வினாத்தாளின்ரை போக்கு மாறிப்போச்சு" என்றேன். போக்கு மாறவே இல்லை. அது முதலிலிருந்தே அப்படித்தான்.

அடுத்த வருடம் மூன்று பேர் தெரிவானார்கள். ஊர் என்ன சொன்னது? தீவுக் கட்டின் வெற்றி என்றது. கட்டை நான் கைவிட்டது யாருக்கும் தெரியாது. வேறு இடங்களில் அதைப் போட்டோக் கொப்பி எடுத்து விற்கும் அளவுக்குப் பெயர் போனது. நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த வருடம் ரெஜினா எழுதவில்லை. தகப்பன் மறித்துவிட்டார். அதற்கடுத்த வருடமும் வகுப்புக்கு வரவில்லை. ஆனால் இறுப்பிட்டிப் பிள்ளை ஒருத்தி நான் கொடுக்கும் தாள்களைப் படம் பிடித்து ஒவ்வொரு சனிக்கிழமையும் வட்ஸ்அப்பில் அவளுக்கு அனுப்பியிருக்கிறாள். எனக்கு இது பிறகுதான் தெரியும். ரெஜினா வீட்டுக்குச் சொல்லாமல் விண்ணப்பித்து, எழுதி, தெரிவானாள். நெடுந்தீவிலிருந்து முன்பள்ளிக்கும் மாட்டுப் பட்டிக்கும் நடுவில் தனியாகப் படித்துத் தெரிவானாள்.

பாராட்டு விழா வேலணையில் நடந்தது. மேடையில் எனக்கு மாலை. பொன்னாடை போர்த்துவதற்கு ரெஜினாவின் தகப்பனை அழைத்தார்கள். போர்த்திவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தார். அவருக்குப் பேசி வழக்கமில்லை.

"என்ரை பிள்ளை முதல்தரம் விட்டது அவளின்ரை பிழை. கவனமில்லாமல் விட்டது. சேர் அண்டைக்கு எனக்கு உறைப்பாச் சொன்னவர். அந்த உறைப்பிலைதான் பிள்ளை திருந்தினது. சேருக்கு நான் என்ன குடுத்தாலும் காணாது."

மண்டபம் கை தட்டியது. ரெஜினா முன்வரிசையில் இருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, மடியில் இருந்த பூச்செண்டைக் கீழே வைத்து, மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டினாள். ஒலிவாங்கி எனக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

போன வருடம் குறிகட்டுவான் பஸ்ஸில் அவளைக் கண்டேன். இப்போது சட்டத்தரணி. வெள்ளைச் சேலை, கறுப்புக் கோட்டை மடித்துக் கையில் வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து இடம் தந்து, பிறகு பக்கத்திலேயே இருந்தாள். எப்படித் தனியாகப் படித்தீர் என்று கேட்டேன்.

"ஒரு கொப்பி முழுக்கப் பொய் எழுதினனான் சேர்" என்று சிரித்தாள். "நெடுந்தீவிலை ஆறு ஓடுது எண்டு தொடங்கி. ஆறு பெருகினா ரயில் நிக்கும், ரயில் நிண்டாக் குதிரையள் பாட்டுப் பாடும். எழுதி எழுதி, எங்கை போய் முடியுது எண்டு பாத்தனான். அம்மா பயந்திட்டா, பிள்ளைக்கு விசரோ எண்டு."

நானும் சிரித்தேன். பிறகு அவள் குரலைக் குறைத்தாள்.

"சேர், ஒண்டு கேக்கட்டே? அப்பா இண்டைக்கும் நான் படிக்காமல் விட்டனான் எண்டுதான் ஆக்களுக்குச் சொல்லுறார். நான் நடந்ததைச் சொல்லிப் பாத்தன். 'சேர் பொய் சொல்லுவாரே பிள்ளை?' எண்டு கேக்கிறார். கோட்டிலை நான் நூறு பேருக்காகக் கதைக்கிறன், அப்பாவிட்டை என்ரை கதை எடுபடேல்லை. நீங்கள் வந்து சொன்னா நம்புவார். வேறை ஆர் சொன்னாலும் நம்பார்."

நான் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"சொல்லுறன் பிள்ளை. படகு ஓடுற நாளாப் பாத்து வந்து சொல்லுறன்."

"ஓம் சேர்" என்றாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒரு நாள் வெளிக்கிட்டு இறங்குதுறை வரை போனேன். நல்ல காற்று. இண்டைக்குப் படகு இல்லை ஐயா என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு வந்த நிம்மதியை என்னவென்று எழுதுவது! ரெஜினாவின் தகப்பனுக்கு வாழ்க்கையில் ஒரு நாள் உண்மையாகவே படகு ஓடவில்லை, அதைச் சொல்ல ஆளில்லாமல் கூனிக் குறுகி நின்றார். எனக்குப் படகு ஓடாதது கொண்டாட்டமாக இருந்தது. கடைக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இப்போது நீங்கள் கேட்ட பட்டியலுக்கு வருகிறேன். அலுமாரித் திறப்பை இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்புகிறேன். அதை நான் இவ்வளவு காலம் வைத்திருந்தது போதும். பெட்டியில் இருப்பவற்றைக் கொடுங்கள். வேறு புத்தகம் வாங்கினால் முதலில் கடிகாரம் வைத்து நீங்களே செய்து பாருங்கள். பிழைத்தால் பிழைத்தது என்று வகுப்பில் சொல்லுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. நான் சொல்லாமல் இருந்துதான் குறைந்துபோனேன். வினாக்களில் பாதியாவது பிள்ளைக்குத் தெரியாத உலகத்தில் இருக்க வேண்டும், கல் மிதக்கட்டும், ஒட்டகம் முட்டையிடட்டும். கட்டு சரியில்லை என்று ஒரு பிள்ளை எழுந்து சொன்னால், அந்தப் பிள்ளை எந்தத் தீவிலிருந்து வந்தாலும், வாயை மூடிக்கொண்டு முழுதாகக் கேளுங்கள். தாய் தகப்பன் வந்து பிள்ளைக்குச் சரிவருமோ என்று கேட்டால், பிள்ளையைப் பற்றி மட்டும் பதில் சொல்லுங்கள். உங்கள் மானத்தைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை.

தீவுக் கட்டிலிருந்து ஒரு வினாவை மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதுவும் நான் இப்போது திருத்தி எழுதியபடி. முதல் நாள் வகுப்பில் கொடுத்துப் பாருங்கள்.

காற்று பலமாக அடித்தால் படகு ஓடாது. படகு ஓடினால் சேர் நெடுந்தீவுக்குப் போவார். சேர் இன்னும் நெடுந்தீவுக்குப் போகவில்லை.

ஆகவே படகு ஓடவில்லை என்று பிள்ளைகள் சொல்வார்கள். சரியான விடை, புள்ளி கொடுங்கள். பிறகு யன்னலைத் திறந்து வெளியே பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கிழமை முழுக்கக் காற்றே இல்லை. படகு ஒவ்வொரு நாளும் ஓடுகிறது. அப்படியானால் பொய் எந்த வாக்கியத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். கண்டுபிடிக்க அவர்களுக்கு அதிக நேரம் எடுக்காது.

வாற சனிக்கிழமை வாசிகசாலைப் பக்கம் என்னைக் கண்டால் வணக்கம் சொல்ல வேண்டாம், சுகம் விசாரிக்க வேண்டாம், மூவரும் ஒன்றாக நின்று ஒன்றை மட்டும் கேளுங்கள்.

"சேர், நெடுந்தீவுக்குப் போனீங்களோ?"